நசுங்க வேண்டிய பெட்டிகள்

சின்னவள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் அந்த நல்ல சேதியைச் சொன்னார். மத்தியானம் தொடாமல் விட்ட சாப்பாட்டு டப்பாவைச் சாயங்காலம்தான் திறந்து ஒரு வாய் வைத்துவிட்டு, பரிசை ஒளித்து வைத்திருக்கும் பிள்ளை மாதிரி தானாகச் சிரித்துக்கொண்டார்.

“இனிமே மலையே வந்து மோதினாலும் உன் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது.”

“மலை எதுக்கு வந்து மோதுது? இவதான் போய் மோதுவா,” என்றேன்.

“சரி, இவளே போய் மோதட்டும். அதுக்குத்தான் உள்ள பிளேட் வெச்சு விட்டிருக்கேன்ல.”

“எதுக்குள்ள?”

“அந்த ரெண்டு பெட்டிக்குள்ளயும்தான். நம்ம கேட்டுக்கு வாங்கின தடிப் பிளேட் மிச்சம் கிடந்துச்சு. அளவா வெட்டி, நெடுக்க நிறுத்தி, சுத்தி வெல்டு அடிச்சு, மேல கருப்புப் பெயிண்ட்டும் அடிச்சாச்சு. நீ ஹெட்லைட் வாங்கப் போயிருந்தியே, அப்பவே முடிச்சிட்டேன். உன் கண்ணுக்கே தெரியல பாத்தியா?”

நான் என் டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

வண்டியின் முன்னால் பம்பர் என்று நாம் பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் முகமூடி. அதற்குப் பின்னால் குறுக்கே ஓர் இரும்பு பீம் இருக்கும். அந்த பீமைச் சேஸிஸோடு சேர்த்துப் பிடித்திருப்பவை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகரப் பெட்டிகள். கிரஷ் பாக்ஸ் என்போம். வண்டி எதிலாவது மோதினால் மடிந்து மடிந்து நசுங்குவதுதான் அவற்றின் வேலை. பிறந்ததே அதற்குத்தான். மோதின வேகத்தை அவை தின்ன வேண்டும். அவை தின்னாவிட்டால் அந்த வேகம் நேராக உள்ளே வரும், ஓட்டுகிறவளின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் வரும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் அந்தப் பெட்டிகள் எப்படி நசுங்கும் என்பதை வைத்துப் போட்டதுதான். என் வீட்டுக்காரர் அவற்றை நசுங்கவே முடியாதபடி செய்துவிட்டார். கோபத்தில் அல்ல, சோம்பலில் அல்ல. பாசத்தில்.

சின்னவள் என் தங்கை. போன மாதம் நின்றுகொண்டிருந்த லாரியின் முதுகில் கொண்டுபோய் முட்டினாள். ஓட்டிக்கொண்டே போனை எட்டிப் பார்த்திருக்கிறாள். பின் சீட்டில் அவள் மகன், நாங்கள் வாண்டு என்று கூப்பிடும் பயல், பெல்ட்டோடு தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் சிராய்ப்புதான். வண்டியின் மூக்குதான் போயிற்று. இழுத்துக்கொண்டு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அளவு என் பொறுப்பு, நெருப்பு அவர் பொறுப்பு. முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஏர்பேக் ஒயரில் மிச்சமிருக்கிற மின்சாரம் வடியும்வரை யாரையும் முன்பக்கம் கை வைக்க விடமாட்டேன். அப்புறம் பம்பரைக் கழற்றி, சேஸிஸின் இரண்டு முனைகளையும் குறுக்கும் நெடுக்கும் அளப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். இந்த வண்டியில் முனைகள் நகரவில்லை. பீமும் பெட்டிகளும் மட்டும் செத்திருந்தன. நசுங்கியதை நிமிர்த்திப் போடுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. புதுசு வாங்கி, போல்ட் போட்டு, கம்பெனி சொன்ன இறுக்கத்துக்கு முடுக்கி விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நெருப்புக்கு அதில் இடமே இல்லை.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. “நட்டு முடுக்குறதுக்கு நான் எதுக்கு?” என்று முனகிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் வந்து நின்றாள். நசுங்கிய பழைய பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் புதுசையும் பார்த்தாள். இரண்டும் மெல்லிய தகரம்.

“இவ்வளவு லேசா இருக்கே மாமா. இதுதான் என்னையும் என் பிள்ளையையும் காப்பாத்துமா?” என்று கேட்டு அழுதுவிட்டாள்.

அது செத்ததால்தான் நீ இருக்கிறாய் என்று நான் பாடம் எடுத்தேன். என் பாடத்தை யார் கேட்டார்கள்? அவர் அவள் அழுததை மட்டும் கேட்டிருக்கிறார்.

வேலை முடிந்ததும் நான் மறுபடி அளந்தேன். ஒரு நூல் பிசகவில்லை. பிளேட் உள்ளேதானே இருக்கிறது, டேப்புக்கு எப்படித் தெரியும்? பெட்டியை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்திருந்தால் கனம் காட்டிக் கொடுத்திருக்கும். அவரே மாட்டி முடித்து வைத்திருந்தார். நான் தலையை ஆட்டி, சாவியைத் தங்கையின் கையில் கொடுத்து, வாண்டுவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பார்த்துப் போ என்று வழியனுப்பியும் வைத்தேன்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி பாக்குற?” என்றார்.

நான் சொன்னேன். கத்தவில்லை, கத்தத் தெம்பில்லை. பழைய பெட்டி மூலையில் கிடந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்து, இதன் மடிப்பை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு மடிப்பும் அவள் கழுத்துக்கு வர வேண்டிய அடி என்றேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்புகளை விரலால் தொட்டு எண்ணினார்.

“போன் போடு,” என்றார்.

சின்னவளின் போன் அணைந்திருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடும் முன் போனை அணைத்து, பைக்குள் போட்டு, பையை டிக்கியில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். பத்திரமாக இருக்க வேண்டுமாம். இந்தக் குடும்பத்தில் ஆளாளுக்குப் பத்திரம் பார்த்தே என்னைக் கொன்றுவிடுவார்கள்.

டப்பாவை மூடக்கூட இல்லை. பழுதான வண்டிகளைத் தூக்கி வருகிற எங்கள் டோ வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவள் வீட்டுக்கு ஒரே சாலைதான், பெரிய சாலை. அவள் ஓட்டுகிற வேகத்துக்கு சைக்கிள்காரன்கூட முந்திவிடுவான், பிடித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். எங்காவது கூட்டம் நிற்கிறதா, கண்ணாடி சிதறிக் கிடக்கிறதா, யாராவது கையை ஆட்டி வண்டிகளை ஓரம் போகச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள்.  பக்கத்தில் போனால் டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நான் நல்லதுன்னுதானே செஞ்சேன்,” என்றார்.

“ரோட்டைப் பாருங்க.”

“சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்.”

“நான் வாய் வலிக்கச் சொன்னேன். ரோட்டைப் பாருங்க.”

அவருடைய கை எப்போதும் தவறாத கை. மெல்லிய தகரத்தில் ஓட்டை விழாமல் வெல்டு அடிக்கிற கை. இப்போது கியரைத் தேடித் தேடிப் போட்டது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவரைத் திட்டினால் நாங்களும் எதிலாவது போய் முட்டுவோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பெட்ரோல் பங்க் ஒன்றைத் தாண்டியதும் அவளைக் கண்டோம். எங்களுக்கு முன்னால், நடுவில் இரண்டு வண்டிகள் விட்டு, அதே வெள்ளைக் கார். பின் கண்ணாடியில் வாண்டுவின் தலைமுடி தெரிந்தது. தூங்குகிறான் போல, சாய்ந்திருந்தது. உயிரோடு பார்த்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. அது ஒரு நிமிடம் கூட நிலைக்கவில்லை.

அவர் ஹாரனில் கையை வைத்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

“அடிக்காதீங்க! பயந்து பிரேக்ல ஏறி நிப்பா. பின்னாடி வர்றவன் தள்ளிட்டுப் போய் முன்னாடி இருக்கிறதுல சாத்திடுவான்.”

“அப்ப முந்திப் போய் முன்னாடி நின்னுடுறேன்.”

“முன்னாடி போய் நின்னா அவ நம்ம மேலயே வந்து முட்டுவா. நம்ம வண்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு? இரும்புப் பலகை. அதுல வந்து அந்தப் பெட்டி முட்டினா?”

அவர் ஹாரனை மறுபடி தொடவில்லை. முந்தவும் இல்லை.

ஆக, துரத்திக்கொண்டு வந்தவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். இடையில் இருந்த இரண்டு வண்டிகளும் விலகிப் போன பிறகு நேராக அவள் பின்னால் ஒட்டாமல் தள்ளியே போனோம். பின்னாலிருந்து வேறு யாரும் அவளை இடித்துவிடாமல் இருக்கவாவது நாங்கள் இருக்கட்டும் என்று. அவள் எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையாட்டியிருப்பாள், ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்திருப்பாள். நல்லவேளை பார்க்கவில்லை என்று நினைத்தேன். பார்க்க மாட்டாளா என்றும் நினைத்தேன்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. அவளுக்கு முன்னால் ஒரு லாரி வந்தது. லாரியின் பின்விளக்கு சிவந்தபோதெல்லாம் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் இடைவெளி விட்டுப் போனாள். பிறகு எவனோ ஒருத்தன் அந்த இடைவெளியில் சட்டென்று நுழைந்தான். அவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சின்னவள் மறுபடி பின்வாங்கி இடம் விட்டாள். இவ்வளவு பொறுமையாக ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாளே என்று பெருமையும் வந்தது. அந்தப் பெருமை பயத்தை இன்னும் கூட்டியது. அவள் என்ன செய்தாலும் தப்பு அவள் மேல் இருக்கப் போவதில்லை. எங்கள் மேல்தான் இருக்கப் போகிறது.

கொஞ்ச தூரத்தில் சாலை வேலை நடந்தது. மேட்டில் ஏறி இறங்கும் இடம், இறங்கும்வரை அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. சின்னவள் மேட்டின் உச்சியில் மறைந்தாள். ஒரு மூச்சு நேரம் சாலையில் அவள் இல்லை. நாங்கள் ஏறினோம். கீழே வரிசையாக வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. கடைசியாக ஒரு கம்பி லாரி. கம்பிகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் ஒரு சிவப்புத் துணி. சின்னவளின் கார் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிரேக் விளக்கு எரிந்தது. பின்பக்கம் லேசாகத் தூக்கியது. டயர் கிறீச்சிட்டது எங்களுக்கே கேட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது கார் நின்றிருந்தது. கம்பி நுனிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையலாம், அவ்வளவுதான். அவர் டோ வண்டியை அவள் பின்னால் குறுக்காக நிறுத்தி எல்லா விளக்கையும் எரியவிட்டார். நான் குதித்து ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுபோயிற்று. கண்ணாடியைத் தட்டினேன். சின்னவள் அலறினாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“அக்கா? நீ எங்க இங்க? அம்மாவுக்கு ஏதாவது…”

“அம்மா நல்லா இருக்கா. வண்டியை ஆஃப் பண்ணு.”

“ஏன்?”

“ஆஃப் பண்ணுடி. சாவியைக் குடு. இறங்கு.”

சாவி என் கைக்கு வந்தது. அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

காரைத் தூக்கி டோ வண்டியின் மேல் ஏற்றிக் கட்டினோம். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம், வாண்டு என் மடியில் தூக்கம் கலையாமல் கிடந்தான். திரும்பி வரும் வழியில் எல்லாவற்றையும் சின்னவளுக்குச் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

“கெட்டியா இருந்தா நல்லதுதானேக்கா?”

“தடுக்கி விழுற இடத்துல தலகாணி கிடந்துச்சு. உன் மாமா அதை எடுத்துட்டுச் செங்கல்லை வெச்சிருக்கார். செங்கல் கெட்டிதான்.”

அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். 

“விடுக்கா. மாமா பாவம். நான்தானே அழுது தொலைச்சேன். அவர் என்ன பண்ணுவார்?” என்றாள். “போனதும் வேற பெட்டி மாத்திக் குடுத்துட்டாப் போச்சு. இல்லையா மாமா?”

அவர் வேகத்தைக் குறைத்தார். எனக்கோ அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. செருப்பில்லாத காலைப் பார்த்துச் சின்னவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. புதுப் பெட்டிகளை இந்தத் தடவை நானே மாட்டுவேன், இவரை ஒர்க்‌ஷாப் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன் என்று கிண்டல்கூடச் செய்தேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க? உடம்புக்கு என்ன?”

“இது ஒண்ணு மட்டும் இல்ல.”

“எது ஒண்ணு மட்டும் இல்ல?”

“பிளேட் வெச்சது. வேற வண்டிலயும் வெச்சிருக்கேன்.”

சின்னவள் சிரிப்பை நிறுத்தினாள். 

“எல்லாருக்கும் இல்ல,” என்றார் அவசரமாக. “நமக்கு வேண்டியவங்களுக்கு மட்டும்தான்.”

அதை அவர் தன் பக்க நியாயமாகச் சொன்னார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. யார் யார் என்று கேட்டேன். “என் தம்பி,” என்றார். “நம்ம பொண்ணு பொறந்தப்ப பிரசவம் பாத்த டாக்டரம்மா,” என்றார். தினமும் எதிர்க்கடையிலிருந்து தேநீர் கொடுத்தனுப்புகிற பேக்கரிக்காரர்.

“பில்லுக்குச் சண்டை போட்டுட்டுப் போனாரே அந்த வக்கீல், அவருக்கு?” என்றேன்.

“அவனுக்கு எதுக்கு? கம்பெனி சாமானை அப்படியே மாட்டி அனுப்பிட்டேன்.”

வக்கீல் பத்திரமாக இருந்தார். எங்களைத் திருடர்கள் என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போன அந்த மனுஷி பத்திரமாக இருந்தாள். அவருக்கு யார் யாரைப் பிடிக்காதோ அத்தனை பேரும் இந்த ஊரில் பத்திரமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வேற?” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “வேற யாருங்க?”

“உன்னோடது,” என்றார். “நீ சுவத்துல இடிச்சிட்டு வந்தியே, அப்ப. அதுதான் முதல்ல செஞ்சது.”

என் வண்டி காலையிலிருந்து என்னிடம் இல்லை. மகள் வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அலுவலகம் விடுகிற நேரம். போனை எடுத்து எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினேன். சின்னவள் பிடுங்கி அழைத்து என் காதில் வைத்தாள்.

“என்னம்மா? வண்டி ஓட்டிட்டிருக்கேன், ஸ்பீக்கர்ல இருக்க.”

பின்னால் ஹாரன் சத்தங்கள் கேட்டன.  பயந்தவளாகப் பேசக் கூடாது.

“தெரியும்மா. ஒண்ணும் அவசரம் இல்ல. பின்னாடி பாத்து, மெதுவா, எங்கயாவது ஓரமா நிறுத்து.”

“எதுக்கு? ஏதாவது ஆயிடுச்சா?”

“ஒண்ணும் ஆகல. உன்கூடப் பேசணும் போல இருந்துச்சு.”

“வீட்டுக்குத்தானேம்மா வந்துட்டிருக்கேன். வந்து பேசுறேன். முன்னாடி ஒருத்தன் லாரியை உருட்டிட்டுப் போறான், இவனை முந்திட்டு…”

“முந்தாதே கண்ணு,” என்றேன். யாரோ பேசுவது போல இருந்தது என் குரல். “அவன் போகட்டும். நீ ஓரமா நிறுத்து.”

அவள் ஏதோ முனகினாள். பிறகு இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது கேட்டது. ஓரம் கட்டவா, லாரியை முந்தவா, எந்தப் பக்கத்துக்கு என்று தெரியவில்லை.